பட்டறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் மூன்று மாதம் தாண்டி நிற்க என்ன செய்ய வேண்டும்?

கோவையில் கணபதி பக்கம், பம்ப் உதிரிபாகங்களை லேத் மெஷினில் கடையும் ஒரு பட்டறையில் உற்பத்திப் பொறுப்பு பார்க்கிறேன். மொத்தம் 24 பேர். 2024இல் புதிதாக 11 பேரை எடுத்தோம். எல்லோரும் 19 முதல் 23 வயதுக்குள். ஐடிஐ, டிப்ளமா முடித்தவர்கள். அதில் ஏழு பேர் மூன்று மாதம் முடிவதற்குள் போய்விட்டார்கள். உடுப்பு, ஷூ, கெட்டுப்போன பீஸ், சொல்லிக்கொடுத்த மூத்தவரின் நேரம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஒருவர் போனால் எங்களுக்குச் சுமார் 22,000 ரூபாய் போகிறது.

"இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்லை" என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் போன ஏழு பேரில் ஐந்து பேரைத் தேடிப்பிடித்து, டீக்கடையில் உட்கார வைத்துப் பேசினேன். வேலை கஷ்டம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஐந்து பேரும் வேறு வேறு வார்த்தையில் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "யாரும் எங்களுக்கு எதையும் சொல்லவே இல்லைங்க சார்." சம்பளம் எப்படிக் கணக்காகும், யாரிடம் லீவு கேட்பது, தப்பு நடந்தால் என்ன ஆகும், அடுத்த வருடம் என்ன கிடைக்கும் என எதுவும் அவர்களுக்குத் தெரியாது. நாங்கள் வேலைக்கு வந்த காலத்தில் இதையெல்லாம் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டோம், அதனால் அவர்களும் தெரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டோம்.

2025இல் முறையை மாற்றினோம். எட்டு பேரை எடுத்தோம், ஏழு பேர் இருக்கிறார்கள். சிறு பட்டறையிலோ கடையிலோ முதன்முறையாக இளம் ஆட்களை நிர்வகிக்கப் போகிறவர்களுக்காக அதை வரிசையாக எழுதுகிறேன். சட்ட விவரங்கள் 2025 டிசம்பர் நிலவரம்.

1. கைக்கு எவ்வளவு வரும் என்பதை முதலில் எழுதிக்காட்டுங்கள்

எல்லாவற்றையும் விட இதில்தான் அதிகம் இழந்தோம். ஒரு தம்பி 2024 ஜூன் 12ஆம் தேதி சேர்ந்தார். சம்பளம் 18,000 என்று சொல்லியிருந்தோம். எங்கள் கணக்கு மாதம் 25ஆம் தேதியோடு முடியும். ஆக அவருக்கு 14 நாள் சம்பளம், 8,400 ரூபாய். அதில் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 840, இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) 63. வங்கியில் விழுந்தது 7,497. அவர் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து, நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். ரூம் வாடகை, மெஸ் கடன் எல்லாவற்றையும் 18,000 என்ற கணக்கில் வைத்திருந்தார். வங்கி குறுஞ்செய்தியைப் பார்த்ததும் ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்திருக்கிறார். என்னிடம் கேட்கவும் இல்லை. ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் "சார், வேலையை விட்டு நிற்கிறேன்" என்று ஒரு வரி வந்தது. ஒரு கணக்கை முன்கூட்டியே எழுதிக்காட்டாததால் நல்ல பையனை இழந்தோம்.

இப்போது நேர்முகத்தின்போதே ஒரு தாளில் இப்படி எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறோம்:

மொத்தச் சம்பளம் 18,000. இதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 15,000.
பிஎஃப் பிடித்தம், 15,000இல் 12 சதவீதம்: 1,800.
இஎஸ்ஐ பிடித்தம், 18,000இல் 0.75 சதவீதம்: 135.
முழு மாதம் வந்தால் கைக்கு: 16,065.
முதல் மாதம் நீங்கள் சேரும் தேதிப்படி கைக்கு: (அந்தத் தொகை).
சம்பளம் வரும் நாள்: அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள்.

பிடித்தம் எங்கே போகிறது என்பதையும் இரண்டு நிமிடம் சொல்லுங்கள். இஎஸ்ஐயில் அவர் 135 கட்ட, முதலாளி 3.25 சதவீதமாக 585 கட்டுகிறார் என்றும், அவருக்கும் அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் வைத்தியம் பார்க்க வழி உண்டு என்றும் சொன்னால் முகமே மாறும். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்துக்கு பிஎஃப், 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்துக்கு இஎஸ்ஐ. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்கள் இஎஸ்ஐக்குள் வருவார்கள்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சேர்ந்த பத்தாம் நாள் 3,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாதத்தில் ஆயிரம் ஆயிரமாகப் பிடியுங்கள். எட்டு பேருக்குக் கொடுத்தாலும் 24,000தான் வெளியே நிற்கும். கேட்ட பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள், பாதிப் பேர் கேட்கவே மாட்டார்கள்.

2. ஆவணங்களைச் சேரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே கேளுங்கள்

தேவையானவை: ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், படிப்புச் சான்று, இரண்டு புகைப்படம், வாரிசாகக் குறிக்க வேண்டியவர் பெயரும் பிறந்த தேதியும். ஏற்கெனவே பிஎஃப் இருந்தால் யுஏஎன், அதாவது வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண். எல்லாமே நகல் போதும்.

பட்டியல் சுலபமாகத்தான் தெரியும். மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை:

இனிஷியல். ஆதாரில் "கார்த்திக் எஸ்", மதிப்பெண் சான்றில் "எஸ். கார்த்திக்", பானில் அப்பா பெயரை முழுதாக நீட்டி "கார்த்திக் செல்வராஜ்". மூன்றும் ஒருவரே. ஆனால் பிஎஃப் பதிவு ஆதாரில் உள்ளபடிதான் இருக்க வேண்டும். பின்னாளில் பணம் எடுக்கும்போது தகராறு வராமல் இருக்க, எதைத் திருத்த வேண்டும் என்று சேரும் முன்பே பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

போன் எண். ஆதாரில் இருப்பது பெரும்பாலும் அப்பாவின் எண், அல்லது பள்ளிக்கூடக் காலத்தில் வாங்கித் தொலைத்த சிம். ஓடிபி வராது. ஆதார் மையத்தில் எண்ணை மாற்ற 75 ரூபாய். அரை நாள் போகும். அந்த அரை நாளைச் சம்பளத்தோடு கொடுங்கள்.

வங்கிக் கணக்கு. உதவித்தொகைக்காகத் தொடங்கிய பழைய மாணவர் கணக்கைக் கொடுப்பார்கள். இரண்டு வருடம் வரவு செலவு இல்லையென்றால் அது முடங்கிக் கிடக்கும். சேரும் முன் நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

யுஏஎன். "இதுதான் முதல் வேலை" என்பார்கள். ஆனால் கல்லூரி விடுமுறையில் ஒரு துணிக்கடையில் இரண்டு மாதம் நின்றிருப்பார்கள், அங்கே பிஎஃப் பிடித்திருப்பார்கள். விசாரிக்காமல் புதிய எண் போட்டால் இரட்டைப் பதிவு. புதிய எண்ணை இப்போது அரசின் உமங் செயலியில் முகத்தைக் காட்டித்தான் எடுக்க வேண்டும், அதனால் அவரை உட்கார வைத்தே செய்யுங்கள். ஆதார் சரியாக இருந்தால் பத்து நிமிட வேலை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அசல் சான்றிதழை வாங்கி வைக்காதீர்கள். "சரிபார்க்க" என்று வாங்கி அலமாரியில் பூட்டும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அசலைக் கையில் வாங்கி, நகலோடு ஒப்பிட்டு, அவர் கண்ணெதிரே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சான்றிதழுக்காக நிற்கிறவர் மனசு விட்டு வேலை செய்ய மாட்டார்.

3. நியமனக் கடிதம் தமிழில், இரண்டு பக்கத்துக்குள்

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. எல்லாத் தொழிலாளர்களுக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்பது அதில் ஒன்று. மாநில விதிகளை உங்கள் பிஎஃப் ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கடிதத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

வேலையின் பெயர், சேர்ந்த தேதி, சம்பளப் பிரிவுகள், வேலை நேரம், வார விடுமுறை, தகுதிகாண் காலம், விலகுவதற்கான முன்னறிவிப்பு நாள்கள் ஆகியவை இருக்கட்டும். தகுதிகாண் காலம் முடிந்ததும் சம்பளம் எவ்வளவு ஏறும் என்பதையும் எண்ணாகவே எழுதுங்கள். "திறமையைப் பொறுத்து" என்று எழுதினால் இந்தப் பிள்ளைகள் அதை "கிடைக்காது" என்றே படிக்கிறார்கள். நாங்கள் "ஆறு மாதம் முடிந்ததும் 1,000 ரூபாய்" என்று எழுதினோம், கொடுத்தோம்.

"டிரெய்னி" என்று பெயர் வைத்து பிஎஃப் இல்லாமல் ஓட்டலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். தொழிற்பழகுநர் சட்டப்படி இணையதளத்தில் ஒப்பந்தம் பதிந்து எடுத்தவர்தான் அப்ரண்டிஸ். பதியாமல் டிரெய்னி என்று கூப்பிடுவதால் அவர் தொழிலாளர் இல்லை என்று ஆகிவிடாது. பதிந்து எடுத்தால் அவருக்குக் கொடுக்கும் உதவித்தொகையில் ஒரு பங்கை அரசு தருகிறது, அது வேறு, நல்ல வழி. 30 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கு அது கட்டாயமும்கூட.

4. முதல் வேலைக்கு வருபவருக்கு அரசு தரும் தொகையைச் சொல்லுங்கள்

பிரதம மந்திரி விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா என்ற திட்டம் 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்குப் பொருந்தும். முதன்முறையாக பிஎஃப்பில் சேருபவருக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் 15,000 ரூபாய், இரண்டு தவணையாக அவர் கணக்குக்கே போகும். முதல் தவணை ஆறு மாதம் வேலை செய்த பிறகு. இரண்டாவது, 12 மாதமும் ஒரு நிதியறிவுப் பயிற்சியும் முடித்த பிறகு. வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

முதலாளிக்கும் உண்டு. பிஎஃப் சம்பளம் 10,000க்கு மேல் 20,000 வரை உள்ள ஒவ்வொரு கூடுதல் ஆளுக்கும் மாதம் 2,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு. உற்பத்தித் துறைக்கு நான்கு வருடம். 50 பேருக்குக் குறைவான இடம் கூடுதலாக இரண்டு பேரையாவது எடுத்து ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். "கூடுதல்" என்ற சொல்லைக் கவனியுங்கள். போனவருக்குப் பதிலாக எடுத்தால் அது கூடுதல் இல்லை.

ஆகஸ்டுக்குப் பிறகு சேர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் ஆறு மாதம் நிறையவில்லை, அதனால் தொகை வந்த அனுபவம் எனக்கு இல்லை. ஆனால் எந்த மாதம் எவ்வளவு வரும் என்று தேதி போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பேர் அதைப் போனில் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினார்கள்.

5. முதல் பத்து நாள்: ஒருவரிடம் ஒப்படையுங்கள்

"எல்லோரிடமும் கேட்டுக்கொள்" என்றால் யாரிடமும் கேட்க மாட்டார்கள். ஒரு மூத்தவரைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். அதற்கு முன் அந்த மூத்தவரிடம் தனியாகப் பேசுங்கள். அவருக்குப் பீஸ் கணக்கு இருக்கிறது, சொல்லிக்கொடுத்தால் அவர் எண்ணிக்கை குறையும், குறைந்தால் அவர்தான் திட்டு வாங்குவார். நாங்கள் மூன்று மாதத்துக்கு மாதம் 1,500 ரூபாய் அவருக்குச் சேர்த்துக் கொடுக்கிறோம், முதல் பத்து நாள் அவர் எண்ணிக்கையில் கால் பங்கைக் குறைத்துக்கொள்கிறோம்.

முதல் நாள் காட்ட வேண்டியவை: கழிவறை, சாப்பிடும் இடம், எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தான், முதலுதவிப் பெட்டி, லீவு கேட்க வேண்டியவரின் போன் எண். சிரிக்காதீர்கள், கழிவறை எங்கே என்று கேட்கக் கூச்சப்பட்டு மதியம்வரை இருந்த பிள்ளை ஒருத்தி எங்களிடம் இருந்தார். பெண்கள் சேருகிற இடமென்றால் தனிக் கழிவறை இருக்க வேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களுக்கான உள்ளகக் குழு கட்டாயம். அதன் உறுப்பினர் பெயர்களைச் சுவரில் ஒட்டுங்கள்.

அப்பாவையோ அம்மாவையோ ஒருநாள் பட்டறைக்கு வரச் சொல்லி ஒரு டீ கொடுங்கள். மகன் எங்கே நிற்கிறான், என்ன மெஷின் ஓட்டுகிறான் என்று கண்ணால் பார்த்துவிட்டால், வீட்டில் "வேறு வேலை பார்" என்ற பேச்சு குறைகிறது.

6. "ஏன்?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள்

25 மில்லிமீட்டர் ஷாப்ட். வரைபடத்தில் 25.00க்கு மேல் போகக்கூடாது, கீழே 0.02 வரை போகலாம். சேர்ந்து மூன்று வாரமான தம்பி கடைந்தது 25.01. மைக்ரோமீட்டரில் காட்டினேன். "சார், 0.01தானே, இது ஏன் ரிஜெக்ட்?" என்றார். பக்கத்து மெஷினில் இருந்த மூத்தவர், "நாங்கல்லாம் இப்படிக் கேட்டதே இல்ல" என்று முணுமுணுத்தார். எனக்கும் வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு ஒரு பேரிங்கை எடுத்து அவர் கையில் கொடுத்து, "போட்டுப் பாருங்க" என்றேன். 24.99 ஷாப்டில் கையால் தள்ளியதும் வழுக்கிக்கொண்டு போனது. 25.01இல் வாயிலேயே நின்றுவிட்டது. அவர் இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அந்த மாதம் முழுக்க அவர் மெஷினில் அந்த அளவில் ஒரு பீஸ்கூட மேலே போகவில்லை.

இந்த வயதுப் பிள்ளைகள் எதைக் கற்றாலும் காரணத்தோடு கற்றுப் பழகியவர்கள். தெரியாததைப் போனில் தேடி ஒருவர் விளக்குவதைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்கள். அவர்கள் கேட்கும் "ஏன்" எதிர்ப்பேச்சு இல்லை. பதில் சொன்னால் வேலை ஒழுங்காக நடக்கும். சொல்ல நேரமில்லையென்றால் "நாலு மணி டீக்குச் சொல்றேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி சொல்லுங்கள்.

தப்பைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், பீஸைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள், அன்றைக்கே சொல்லுங்கள். பாராட்டை நாலு பேர் முன்னால் சொல்லுங்கள். அப்புறம் "வாடா, போடா". பழகியவர்களுக்குள் அது பாசம்தான். ஆனால் நேற்றுச் சேர்ந்தவருக்கு, சம்பளம் போடும் இடத்திலிருந்து வரும் "டா" பாசமாகக் கேட்பதில்லை. "தம்பி, வாங்க" என்பதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

7. போனும் வாட்ஸ்அப்பும்

மெஷின் ஓடும்போது போன் கூடாது. அது விரல் போகும் விஷயம், இதில் வளைந்துகொடுக்காதீர்கள். ஆனால் தடையோடு வழியும் கொடுங்கள். நாங்கள் சார்ஜ் போடும் வசதியோடு ஒரு பூட்டு அலமாரி செய்தோம், 6,500 ரூபாய் ஆனது. வீட்டில் அவசரம் என்றால் கூப்பிட அலுவலக எண்ணைப் பெற்றோரிடம் கொடுத்தோம். விதி சூப்பர்வைசருக்கும் எனக்கும் ஒன்றுதான். நான் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு அவர்களைத் தடுத்தால் ஒரு வாரம்கூட விதி நிற்காது.

வாட்ஸ்அப் குழுவில் இரவு எட்டு மணிக்கு மேல் வேலைச் செய்தி போடுவதை நிறுத்திவிட்டோம். யாரையும் குழுவில் திட்டுவதில்லை. அது உடனே படமாகி வெளியே போகும், போவது நியாயமும்தான்.

8. லீவும் ஓவர்டைமும்

ஓவர்டைமுக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும், கூலி இரண்டு மடங்கு. 18,000 சம்பளத்துக்கு எங்கள் கணக்கில் மணிக்குச் சுமார் 173 ரூபாய். முந்தைய நாள் மாலைக்குள் கேளுங்கள். ஐந்து மணிக்குக் கிளம்புகிறவரை வாசலில் நிறுத்தி "இன்னிக்கு எட்டு வரைக்கும் இரு" என்றால், சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த நாள் வர மாட்டார்.

லீவில் நாங்கள் கவனிக்காமல் விட்டது அரியர் தேர்வு. டிப்ளமா முடித்தவர்களில் பலருக்கு ஒன்றிரண்டு பாடம் பாக்கி இருக்கும், சிலர் பகுதிநேரமாகப் பொறியியல் படிப்பார்கள். வருடத்தில் இரண்டு பருவம் தேர்வு வரும். வெட்கப்பட்டுச் சொல்லாமல், காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு எடுப்பார்கள். சேரும்போதே "அரியர் இருக்கா தம்பி, இருந்தா சொல்லுங்க, தேர்வு நாளுக்கு லீவு உண்டு" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். ஊர் மாரியம்மன் நோன்பு எப்போது என்றும் கேட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அந்த வாரம் எப்படியும் போவார்கள். தெரிந்தால் நாம் வேலையைத் திட்டமிடலாம்.

9. முப்பது, அறுபது, தொண்ணூறாம் நாளில் இருபது நிமிடம்

ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டால் பயப்படுவார்கள். டீக்கடைக்குக் கூட்டிப்போங்கள். மூன்றே கேள்வி: சொன்ன சம்பளம் சரியாக வருகிறதா? எந்த வேலை இன்னும் புரியவில்லை? யாரோடாவது சங்கடம் இருக்கிறதா? பதிலைக் குறித்துக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் ஏதாவது ஒன்றையாவது சரிசெய்து காட்டுங்கள். தொண்ணூறாம் நாளில் அடுத்து எந்த மெஷின் கற்கலாம் என்பதையும் பேசுங்கள். ஒரே லேத்தில் ஒரு வருடம் நிற்பது அவர்களுக்குச் சிறையாகத் தெரிகிறது.

10. போகிறவரை நன்றாக அனுப்புங்கள்

எட்டு பேரில் போன ஒருவர் சென்னைக்கு நல்ல வேலை கிடைத்துப் போனார். புதிய சட்டத் தொகுப்புப்படி, விலகியவருக்கு வர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அடுத்த மாதச் சம்பளத்தோடு பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய பழக்கம் இனி செல்லாது. அட்வான்ஸ் பாக்கி, உடுப்பு, கருவிகள் கணக்கை அவர் கையெழுத்தோடு முடியுங்கள். பணி விடுவிப்புக் கடிதத்தையும் அனுபவச் சான்றையும் கடைசி நாளிலேயே கையில் கொடுங்கள்.

பிஎஃப் தளத்தில் விலகிய தேதியை நிறுவனம் பதிய வேண்டும். பதியாவிட்டால் பழைய கணக்கைப் புதிய இடத்துக்கு மாற்றும்போது இழுபறியாகும், அவர் உங்களுக்கு மாதக்கணக்கில் போன் போட்டுக்கொண்டிருப்பார். அடுத்த மாத பிஎஃப் கணக்கு அனுப்பும்போதே இதையும் சேர்த்து முடித்துவிடுங்கள். சென்னைக்குப் போன தம்பிக்கு அப்படித்தான் செய்தோம். இப்போது அவருடைய சித்தப்பா மகன் ஜனவரியில் எங்களிடம் சேரப் போகிறார். ஆதாரில் போன் எண் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.